ஏழாவது முட்டை

வலது கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. இடது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்கிறது. நாற்காலியில் அண்ணாந்து கிடக்கும் வாடிக்கையாளர், "அண்ணே, என்னை மறந்துட்டீங்களா?" என்கிறார். சலூன்காரர் எங்கே மறந்தார்! தலைமுடி உலர்த்தும் டிரையரை எட்டப் பிடித்து, கோணிப்போன இறக்கை ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார். "ரெண்டே நிமிஷம். இப்ப விட்டா மறுபடி கோணிக்கும். உங்க தாடி எங்கயும் பறந்துடாதுல்ல?"

தெருவுக்கே அவர் 'பைலட்'. நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அவருடையது ரப்பர் விமானம். இன்ஜின் கிடையாது, பேட்டரி கிடையாது. நீளமான ரப்பர் நாடாவை முறுக்கி விட்டால், அது பிரியப் பிரிய முன்னால் இருக்கும் விசிறி சுழலும், விமானம் மிதக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக மனிதர் சோறு தண்ணி மறந்து கிடப்பார்.

இதற்கென்று விற்கும் கருவி ஒன்றுகூட அவரிடம் இல்லை. இறக்கையில் ஒட்டிய மெல்லிய காகிதம் விறைப்பாக இழுத்துக்கொள்ள, தலைக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில். குச்சி சீவ சவர பிளேடு. ரப்பர் வழுக்க விளக்கெண்ணெய். ஒட்டியது காயும்வரை பிடித்துக்கொள்ள, கொடியிலிருந்து உருவிய கிளிப். இவையெல்லாம் போகட்டும், மீதி மொத்தமும் சமையலறைக் கொள்ளை. அங்கேதான் வம்பு.

அவர் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்; கேக்கம்மா என்றால்தான் நான்கு தெருவுக்குத் தெரியும். ஈஸ்ட் நிறுக்கும் அவருடைய குட்டித் தராசில்தான் விமானம் எடை பார்க்கப்படும். நான்கு கிராம்! கைப்பிடி சுற்றி முட்டை அடிக்கும் கருவியில் ஒரு பக்கக் கம்பியை வெட்டி, வளைத்துக் கொக்கியாக்கி, ரப்பர் முறுக்க வைத்துக்கொண்டார். கைப்பிடி ஒரு சுற்று, கொக்கி ஐந்து சுற்று. ஒரு முட்டை நுரைத்து வர நாற்பது சுற்று என்பது கேக்கம்மாவின் கணக்கு. அதுவே பைலட்டுக்கும் அளவாகிப்போனது. "இன்னைக்கு அஞ்சு முட்டை ஏத்தினேன், சும்மா ஜிவ்வுனு போச்சு" என்பார். கேட்பவர் முழிப்பார்.

விமானத்தைப் பிடித்துக்கொள்வது இவர், முறுக்குவது கேக்கம்மா. ரப்பர் இறுகுவது அந்த மணிக்கட்டுக்குத்தான் தெரியும். ஆறு முட்டை தாங்கும். அதற்குமேல் போனால் அறுந்து, நாலு மாத வேலை தூள் தூளாகிவிடும்.

இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் உண்டு. அடுப்படியில் இருக்கும் தக்காளி வடிவ மணிக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைப்பார்கள். "அது அடிக்கிற வரைக்கும் உங்க விமானம் மேல நிக்கட்டும். அன்னையோட என் சாமான் பூரா அடுப்படிக்கு வந்துடணும், ஆமா!" ஒரு நாளும் அடிக்கவில்லை. நாலே முக்கால் நிமிடத்தில் விமானம் தரையில் உட்கார்ந்துவிடும். மணி அடிக்குமுன் பைலட் தக்காளியை அணைத்துவிடுவார்.

எந்த ரப்பர் விமானம் அதிக நேரம் மிதக்கும் என்று ஒரு போட்டி, மூடிய பேட்மின்டன் அரங்கில். ஜன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி, இருமுவதற்கே எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். படிவத்தில் 'எத்தனை சுற்று' என்ற இடத்தில் பைலட் 'ஆறு முட்டை' என்று எழுதித் தொலைத்தார். அதைப் படித்த இன்ஜினியர் ஒருவர், ரப்பர் முறுக்கும் வெளிநாட்டுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கேக்கம்மா முறுக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றார். "என்னம்மா, ஆம்லெட்டா?"

"ஏன், உங்க வீட்ல முட்டையே அடிக்கிறதில்லையா?" என்று கேக்கம்மா வெடுக்கென்று கேட்டார். கேட்ட வேகத்தில் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார்.

பைலட்டுக்கு முகம் வெளுத்தது. "எத்தனையாவது முட்டை?"

"ஆறு முடிஞ்சுதா, இல்ல அஞ்சா... தெரியலையேங்க."

"ஐயையோ! போதும், விட்டுடு."

"சும்மா இருங்க. கை சொல்லுது, இன்னும் ஒண்ணு தாங்கும்."

ரப்பர் முடிச்சு முடிச்சாகப் புடைத்து முனகியது. பைலட் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கேக்கம்மா நிறுத்தினார். ரப்பரை விமானத்தில் மாட்டினார். தக்காளியைத் திருகினார்.

விமானம் கையைவிட்டுக் கிளம்பியது. அடடா, என்ன ஏற்றம்! விசிறியின் இதழை எண்ணிவிடலாம், அத்தனை நிதானம். வட்டம் போட்டு, வட்டம் போட்டு, கூரை உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே போய் நின்று மிதந்தது. மூன்று நிமிடம். நான்கு. நாலே முக்கால், இன்னும் தலைக்குமேலேயே! பைலட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அடிச்சா சாமான் போச்சு, அடிக்காட்டி மானம் போச்சு" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

தக்காளி கிணுகிணுவென்று அடித்தது. அரங்கமே கைதட்டியது, இன்ஜினியர் விசிலே அடித்துவிட்டார். விமானம் இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பைலட் முட்டை அடிக்கும் கருவியை எடுத்து, விளக்கெண்ணெய் போகச் சட்டை நுனியால் துடைத்து, மனைவியிடம் நீட்டினார். கேக்கம்மா அதைப் பார்க்கவேயில்லை. அண்ணாந்த கண்ணை இறக்காமல், தக்காளியைத் தடவி எடுத்து, திருகி, பத்து நிமிடத்தில் வைத்தார்.