கண்ணால் தட்டச்சு செய்தவள்

கேமிங் லேப்டாப் விசாரித்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு காலத்தில் நிறையப் பேசுவேன். கீபோர்டு ஏழு கலரில் எரிகிறதா, அதை வைத்துக்கொண்டு சாமி ஊர்வலமா நடத்தப் போகிறாய் என்பேன். விரலால் தடவுகிற பலகையே நம்பர் பலகையாக மாறிவிடுகிறது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். உங்களுக்கு எத்தனை கை சார் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய் வாங்கிக்கொண்டார். மனுஷனுக்கு விரல் பத்து, பத்துக்கும் வேலை கொடுக்க நல்ல கீபோர்டு ஒன்று இருந்தால் போதும், மீதியெல்லாம் ஃபிலிம் காட்டுகிற வேலை என்பதுதான் என் கட்சி. வாயாலேயே வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் கடைக்காரன் திண்டிவனத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தக் கட்சியே என் மனைவியைப் பார்த்து எனக்கு வந்ததுதான். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நான் திண்டிவனத்திலிருந்து ரயிலில் போவேன், அவள் முண்டியம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்குப் பக்கத்து மெஷின். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கண்டுபிடித்துக் குத்துவேன். அவள் எதிரில் இருக்கும் தாளை மட்டும் பார்ப்பாள். கை தன் பாட்டுக்கு ஓடும். தொலைந்துபோன காசைத் தேடுகிற மாதிரி நான் எழுத்தைத் தேடுவதாக அவள் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் அதே மெஷினில்தான் போய் உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கடை வைத்தோம். ரிப்பேர் எனக்கு, டைப்பிங் அவளுக்கு. கல்யாணப் பத்திரிகை, பட்டா மனு, கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவள் கையால்தான் போகும். யாரோ கிறுக்கிக்கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள், அதே சமயம் வாசலில் நிற்பவரிடம் மல்லாட்டை விளைச்சல் இந்த வருஷம் எப்படி என்று விசாரிப்பாள், என்னையும் ஒரு அதட்டல் போடுவாள். அவள் கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டைகளாக இருக்கும். வேறு யாரும் அதில் வேலை செய்ய முடியாது. அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு நாள், வலது ஓரத்தில் ஒரு கட்டை சரியாக இறங்கவில்லை, கீபோர்டை மாற்றிக்கொடுங்கள் என்றாள். மாற்றினேன். மறுபடியும் அதே புகார். இன்னொன்று மாற்றினேன். கம்பெனிக்காரன் சரக்கே சரியில்லை என்று திட்டிவிட்டு மூன்றாவதையும் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் கோளாறு கட்டையில் இல்லை, அவளுடைய சுண்டுவிரலில் என்று இருவருக்கும் புரிந்தது.

நரம்பு நோய். முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கை போகும், கால் போகும், பேச்சும் போகும். அறிவுக்கு ஒன்றும் ஆகாது. கண் அநேகமாகக் கடைசிவரை நிற்கும் என்றார். அவர் சொன்னபடியேதான் மூன்று வருஷத்தில் ஒவ்வொன்றாகப் போயிற்று. பேச்சு நின்ற பிறகு, ஒரு முறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். சாப்பிடுகிறாயா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, டிவி போடட்டுமா என்று நான் கேட்பேன், அவள் சிமிட்டுவாள். இதிலேயே குடும்பம் நடத்திவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அவள்தான் அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மிக்கல் கனம், பின்னால் சிவப்பு விளக்கு. நான் எதையெல்லாம் கேலி செய்தேனோ அதெல்லாம் அதில் இருந்தது. திரைக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை, கண் எங்கே பார்க்கிறது என்று அது கண்டுபிடிக்குமாம். விளையாடுகிறவன் எதிரியைப் பார்வையாலேயே குறிவைத்துச் சுடுவதற்காக வைத்தது. "அம்மா யாரையும் சுட வேணாம்பா, எழுத்தைப் பார்த்தா போதும்" என்றாள் மகள். பைக் விலை கொடுத்து இந்தக் கூத்தா என்று நான் கத்தினேன். நானே முதலில் உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணாடி கனமானது, அதன் பளபளப்பில் அந்தப் பட்டைக்கு என் கண் கிடைக்கவே இல்லை. பார்த்தாயா, தண்டம் என்றேன்.

என் மனைவியின் கண் அதற்குக் கிடைத்தது. திரையில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அந்த எழுத்து மேலே விழும். இரண்டு நாள் பழகிவிட்டு மூன்றாம் நாள் காலையில் முதல் வரியை எழுதினாள்.

"ஃபேன் வேணாம். ஆறு மாசமா குளிருது."

தினமும் ஃபேனை வேகமாக வைக்கட்டுமா என்று கேட்டவன் நான். அவள் இரண்டு முறை சிமிட்டுவாள், அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். அணைக்கட்டுமா என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. சிமிட்டலில் பதில் மட்டும்தான் வரும், அவளாக ஒன்றைத் தொடங்க முடியாது என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மகள் எதிரிலேயே அழுதேன். என் கட்சி அன்றைக்கே தோற்றுவிட்டது. சந்தோஷமாகத் தோற்றேன்.

அடுத்து வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. வாழ்நாள் முழுக்கக் கட்டையைப் பார்க்காமல் அடித்தவள், பார்வையாலேயே அடிக்கும்படி ஆகிவிட்டது. "உங்கள மாதிரி ஆயிட்டேன். தேடித் தேடி அடிக்கறேன்" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை, ஆனாலும் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கடைப் பத்திரிகைகளை நான் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினால் பிழை திருத்திக் கொடுப்பாள். என் சட்டை அழுக்கு, மகளுக்கு வரன் பார்க்கும் விஷயம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். அதட்டலும் திரும்பி வந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. கடை மெஷின்களுக்கெல்லாம் வழக்கம்போல் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். திரையில் படக் கூடாதென்று மானிட்டருக்குக் கீழே, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று பொட்டு வைப்பது என் பழக்கம். அடுத்த வருஷம்வரை அதைத் துடைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து அவள் லேப்டாப்பையும் பூஜையில் வைத்தேன். அது எங்களுக்குச் செய்த உபகாரத்துக்கு மற்றவற்றைவிடத் தாராளமாகவே சந்தனம் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்று மறுநாள்தான் அவள் எதிரில் திறந்தேன்.

ஓர் எழுத்துகூட விழவில்லை. கண்கள் கிடைக்கவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்லியது. அணைத்துப் போட்டேன், புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றினேன். வேறு யாரையாவது அதன் முன் உட்கார வைத்துப் பார்த்திருக்கலாம். எனக்குத்தான் எப்போதுமே அது வேலை செய்ததில்லையே என்று அந்த யோசனையே வரவில்லை. பொட்டு என் கண்ணில் படாமல் இல்லை. இருபது வருஷமாக எல்லா மெஷினிலும் பார்க்கிற பொட்டு, எனக்கு அது அழுக்காகத் தெரியவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அவளுக்குக் கண்ணும் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மகள் போனில் எல்லாம் சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, எனக்கே பாடம் சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தேன்.

என் மனைவி திரையைப் பார்க்கவில்லை. திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடாமல் பார்த்தாள். மனசு விட்டுப்போய்த் தலைகுனிகிற பார்வை என்று நான் எடுத்துக்கொண்டேன். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நான்கு நாள் பொறுத்துவிட்டுக் கேட்டேன்.

"எடுத்துடட்டுமா?"

இரண்டு முறை சிமிட்டினாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பவும் இரண்டு முறை சிமிட்டினாள். லேப்டாப்பை மூடி அலமாரிமேல் வைத்துவிட்டேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தீபாவளிவரை நான் கேட்டதற்கு மட்டும் சிமிட்டினாள். சில நாள் அதற்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக அலமாரிமேல் இருந்ததை இறக்கித் திறந்தாள். "ஏம்ப்பா, இந்தப் பட்டை மேலயா பொட்டு வெச்சீங்க?" என்றாள். ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த சந்தனம் பெயர்ந்து வந்தது. அம்மாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்ததும் எழுத்து விழ ஆரம்பித்தது.

மகளுக்கு ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக ஒரு வரி எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பார்வையை என் பக்கம் திருப்பினாள்.

"வேணாம்னு ரெண்டு தடவ சொன்னேன்."

எதைம்மா வேண்டாம் என்று சொன்னாய் என்று மகள் கேட்டாள். அவள் அதற்கு மேல் எழுதவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த பங்குனியில் அவள் இறந்தாள். அதுவரைக்கும் நிறைய எழுதினாள், என்னையும் அதட்டினாள், ஒரு நாள் என் சமையலைப் பாராட்டக்கூடச் செய்தாள். அந்த வரியை மட்டும் திரும்ப எழுதவில்லை. மன்னித்துவிடு என்று நானும் கேட்கவில்லை. அவளே அந்தப் பேச்சை எடுக்கட்டும் என்று கோழையாகக் காத்திருந்தேன்.

மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். அந்தப் பொட்டைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு எண்ணம். "தெரியாம வெச்சதுதானேப்பா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்பாள். ஆமாம்மா, தெரியாமல்தான் என்று சொல்லிவிடுகிறேன்.