உறைக்குள் கிடந்த இலை

உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் அறையில் அவருக்குப் பெயர் பசை அக்கா. இருபத்தாறு வருடமாக ஒட்டுகிறார். "என் மேசையில தப்பு நடக்காது" என்று வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அடுத்த மாதம் அறையின் முழுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று பேச்சு.

எனக்குப் பக்கத்து அறை. இலைத் துணுக்கை அரைத்து, மரபணுவின் எழுத்துகளைப் படித்து, எந்தச் செடி எதற்குச் சொந்தம் என்று கணினியில் வம்சாவளி வரைவேன். ஒட்டிய இலையைப் பிய்க்க மனம் வராது. ஒவ்வொரு அட்டையிலும் உதிர்ந்த துண்டுகளுக்கென்று ஒரு சின்னக் காகித உறை இருக்கும், அதிலிருந்துதான் எடுப்பேன்.

அப்படி எடுத்த ஒரு முட்புதர், கொடிகளின் குடும்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சோதனைக் குழாயை மாற்றி வைத்துவிட்டேனோ என்று அதே உறையிலிருந்து மறுபடி எடுத்துச் செய்தேன். அதே விடை. முள்ளுக்கும் கொடிக்கும் எந்தக் காலத்து உறவு? எங்கே பிரிந்தார்கள்? மூன்று மாதம் சோறு தண்ணீர் மறந்து அதையே துருவினேன். கட்டுரையும் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெருமை தாங்காமல் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அட்டை எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, இதை அனுப்பிட்டியா?"

"இல்லக்கா, திங்கக்கிழமை."

"அனுப்பாத. அந்த உறையில இருக்கறது இதோட இலைதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

பல வருடத்துக்கு முன், ஜன்னல் காற்றில் இரண்டு அட்டைகளின் உதிரிகள் தரையில் கொட்டிவிட்டனவாம். ஒன்று இந்தப் புதர், இன்னொன்று ஒரு கொடி. குத்துமதிப்பாகப் பிரித்து உறைகளில் போட்டாராம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"இத்தனை வருஷம் வாயத் திறக்காம இருந்தீங்களே!" என்று கத்திவிட்டேன். அவர் இரண்டு அட்டையிலும் ஒட்டியிருந்த இலையிலிருந்தே நகக்கண் அளவு வெட்டிக் கொடுத்தார்.

பத்து நாளில் விடை வந்தது. புதர் மற்ற முட்புதர்களோடு சமர்த்தாக இருந்தது. உறையில் கிடந்த இலை அந்தக் கொடியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. என் கட்டுரை குப்பைக்குப் போனது. அழுகை வந்தது. அச்சான பிறகு தெரிந்திருந்தால் என் பெயரே கெட்டிருக்கும்.

"அப்போ அது கொடியோடதுதானா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டார். மிச்சத் துணுக்கை இடுக்கியால் எடுத்து, கொடியின் உறையில் போட்டார்.

அட்டையில் எழுதியது தப்பென்று தெரிந்தாலும் அந்த அறையில் எதையும் கிழிக்க மாட்டார்கள். திருத்தத்தை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுவார்கள். செடி இருக்கும்வரை அதுவும் இருக்கும். அக்கா ஒரு சீட்டை எடுத்து, பேனாவால் "இலைகளைக் கலந்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பதறியது. "அக்கா, பென்சில்ல எழுதுங்க. பொறுப்பு கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"பென்சில் அழிஞ்சிடும்மா" என்று சொல்லிவிட்டு, சீட்டின் பின்னால் பசை தடவினார்.