மெஷின் அலறாத மூன்று காலைகள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. வெட்கம்தான் காரணம்.

நான் ராசிபுரத்துக்காரி. கொல்லிமலையில் ஒரு மரக்கிடங்கின் கேட்டில் வேலை. அங்கே ஒவ்வொரு சந்தனக் கட்டையிலும் ஒரு சிப் பதித்திருப்பார்கள். கட்டை வெளியே போனால் கேட் தூணில் இருக்கும் மெஷின் அதை உணர்ந்து அலறும். அலறாவிட்டால் வண்டியில் கட்டை இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம்.

என்னோடு காவலுக்கு இருந்தவர் சடையண்ணன், மலைக்காரர். தினமும் காலையில் கழிவு விறகு ஏற்றிய லாரி ஒன்று கீழே போகும். நாங்கள் இருவரும்தான் அதை அனுப்புவோம்.

ஐப்பசி மழையில் சரக்கைச் சரிபார்த்தபோது பதினொரு கட்டைகள் இல்லை. மெஷினின் பதிவைப் பார்த்தார்கள். லாரியிலும் ஒரு சிப் உண்டு, அது போவதும் வருவதும் தானாகப் பதியும். மூன்று காலைகளில் மட்டும் லாரி வெளியே போனதே பதிவாகவில்லை. நாங்கள் கையால் எழுதும் நோட்டில் மூன்று நாளும் இருந்தது. அப்படியென்றால் யாரோ மெஷினை அணைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் சபை சகோதரிகள் போனில் ஒன்றாகச் சேர்ந்து ஜெபிப்போம். டூட்டியில் போன் கூடாது. நான் ஒயரைக் காதில் மாட்டி முக்காட்டால் மறைத்துக்கொள்வேன். ஜெபம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

விசாரணையில் அது வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். மூன்று நாளும் லாரி போன நேரத்தில் நான் பாத்ரூம் போயிருந்தேன், சடையண்ணன்தான் தனியாக நின்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்தான் அணைத்தார் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று சாயங்காலமே அவரைப் போலீஸ் கூட்டிப்போனது.

நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உபவாசம் இருந்தேன். என் வேலையைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று அழுதேன். சடையண்ணன் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் ஜெபக் குறிப்பை எழுத நோட்டைத் திறந்தேன். பழைய பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. "6.20, லைன் கட்." போன் கட்டானால் நேரத்தைக் குறித்து வைப்பேன், விட்டுப்போன விண்ணப்பங்களைப் பிறகு கேட்டு எழுதுவதற்காக. புரட்டினேன். இன்னும் இரண்டு இடத்தில் அதே குறிப்பு. அதே மூன்று காலைகள். லாரி கேட்டுக்கு வந்த அதே நேரம்.

மலையில் சிக்னல் போவது புதிதா? அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. லாரி வந்தபோதெல்லாம் என் போனும் செத்தது, மெஷினும் செத்தது. பதில் என் கையெழுத்திலேயே இருந்தது.

ஆனால் அந்த நோட்டைக் கொடுத்தால் என் பொய்யும் சேர்ந்தே போகும். இரண்டு நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் சடையண்ணனின் அப்பா செத்துப்போனார். மண் போட மகனை விடவில்லை.

செய்தி கேட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு போலீசிடம் ஓடினேன். அடுத்த முறை லாரியை நிறுத்திச் சோதித்தார்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆன்டெனாக்கள் வைத்த ஒரு பெட்டி. அது கிளப்பும் ரேடியோ அலை இரைச்சலில் மெஷினுக்கும் காது கேட்காது, போனுக்கும் கேட்காது என்று அதைப் பிரித்துப் பார்த்த இன்ஜினியர் சொன்னார். சடையண்ணனை விட்டார்கள். எனக்குத் தண்டனை கிடைத்தது, வேலை மிஞ்சியது.

இப்போது கேட் தூணிலேயே ஒரு சிப்பை நிரந்தரமாகப் பதித்திருக்கிறார்கள். மெஷினுக்கு அதன் குரல் ஒரு நொடி கேட்காவிட்டாலும் சைரன் ஊதி கேட் பூட்டிக்கொள்ளும். சிப்பையே நகலெடுக்கிற திருடர்களும் உண்டாம், அதனால் விறகைக் கலைத்துக் கையாலும் பார்க்கிறோம். சத்தம் இல்லாததை நம்பி இனி நான் எந்த வண்டியையும் விடுவதில்லை.

சடையண்ணன் வேலைக்குத் திரும்பவில்லை. சோளக்காடு சந்தையில் மிளகு மூட்டை தூக்குகிறார். அவர் ஊட்டுக்கே போய் எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "உங்க சாமி உங்களக் காப்பாத்திருச்சுங்க அம்மணி. எங்கப்பனுக்கு நான் மண்ணு போடலீங்க."

சகோதரரே, சகோதரியே, நம்பி ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். நான் கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் எழுதியிருந்தது. இப்போது என் ஜெப நோட்டில் முதல் பெயர் சடையண்ணன். உங்களால் அடிபட்டவர் ஒருவர் இருந்தால் அவர் பெயரில் தொடங்குங்கள். பதில் வந்தால் அன்றைக்கே எழுந்து போங்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.