அக்கா வகுப்பில் சொன்ன ஓட்டுநர்

கொட்டாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்து, திருவட்டாற்றில் வாழ்க்கைப்பட்டு, பி.எட். கல்லூரியில் உளவியல் கற்பித்து, சென்ற ஆண்டு இதே மாதத்தில் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்த எங்கள் அக்காவை நினைத்து வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்படி அத்தான் என்னிடம் சொன்னார். நான் அரசு பஸ் ஓட்டுகிறவன். டிப்போவுக்கு லீவு லெட்டர் எழுதியதைத் தவிர வேறு எழுத்துப் பழக்கம் கிடையாது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். இந்தக் குடும்பத்தில் அக்காவோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

அத்தான் வளைகுடாவில் இருந்த காலத்தில் அக்கா பள்ளிக்கூட வேலைக்கும் போய், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, தபால் வழியில் உளவியலில் முதுகலை முடித்தார். அடுக்களையில் வைத்துப் படித்த அந்தப் புத்தகங்களில் பாதிப் பக்கம் மஞ்சள் கறையாக இருக்கும். மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கு அறிஞர்கள் பல வழி சொல்கிறார்கள் என்பார். சின்ன வயதில் மனதுக்குள் புதைந்தது என்று ஒரு கூட்டம். பரிசுக்கும் தண்டனைக்கும் பழகிய பழக்கம் என்று இன்னொன்று. நினைப்பு கோணினால் நடத்தை கோணும், மூளையில் ஊறும் ரசாயனம், ஒருவனைக் குறை சொல்லாமல் கேட்டாலே அவன் தானாக நிமிர்வான் என்று இப்படியே போகும். டிப்போவில் ஒரு வண்டி நின்றால் ஐந்து மெக்கானிக் ஐந்து காரணம் சொல்வார்கள், கடைசியில் பார்த்தால் டீசல் இருக்காது என்று நான் கேலி செய்வேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அடுத்த வாரம் அதையே வகுப்பில் சொல்லிவிட்டு வருவார்.

பிறகு அந்த விபத்து நடந்தது. பேச்சிப்பாறை ரூட்டில், நல்ல மழையில், வளைவில் ஒரு பைக் வழுக்கிக்கொண்டு என் வண்டிக்கு முன்னால் வந்து விழுந்தது. ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. என் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவரும் தேறி, அதே பைக்கில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். எனக்குத்தான் முடியவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தால் சட்டை முழுக்க வேர்வை. என்ஜின் சத்தம் கேட்டதும் கண்ணீர் கொட்டும். அடிபட்டவனே ஓட்டுகிறான், இவனுக்கு என்ன கேடு என்று ஊரில் பேசினார்கள். டிப்போவில் கேட் வேலை கொடுத்தார்கள். இப்படியே போனால் ஓட்டுநர் வேலையே போய்விடும் என்று மேலதிகாரி சொல்லியும் விட்டார்.

அக்கா தன் கொள்கைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சைக்கிளைக் கீழே போட்டதற்கு அப்பா பெல்ட்டால் அடித்தாரே, அது மனதில் கிடக்கிறதோ என்று. செத்துப்போன மனுஷனை ஏன் வம்புக்கு இழுக்கிறாய் என்றேன். அடுத்தது பழக்கும் முறை. ஒரு நாள் நிற்கிற பஸ்ஸில் ஏற வேண்டும், மறுநாள் சீட்டில் உட்கார வேண்டும், பிறகு சாவி போட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பரிசாக ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரம். நான் என்ன நாய்க்குட்டியா என்று கேட்டுக்கொண்டே தின்றேன். சாவி போடுகிற படியோடு அது நின்றது. பயம் வரும்போது என்ன நினைக்கிறாய் என்று எழுத ஒரு நோட்டுக் கொடுத்தார், நான் எழுதவில்லை. நாகர்கோவிலில் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையில் தூக்கம் வந்தது, தைரியம் வரவில்லை. இனிமேல் நான் பேச மாட்டேன், நீ பேசு, நான் கேட்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அக்காவின் கல்லூரியிலிருந்து பயிற்சி ஆசிரியை ஒருவர் வந்தார். பயத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, எங்கள் மேடம் சொன்ன உண்மைச் சம்பவம் என்று ஒரு ஓட்டுநரின் கதையைச் சொல்லியிருக்கிறார். என்ஜின் சத்தம் கேட்டால் அவர் அழுவாராம். படிக்கு ஒரு முந்திரிக்கொத்து கொடுத்தார்களாம். வகுப்பே சிரித்ததாம். மகள் வீட்டுக்கு வந்து, "அது நீயாப்பா?" என்று கேட்டாள். நான் அழுவது அதுவரை அவளுக்குத் தெரியாது.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "நான் உனக்க தம்பியா, பாடமா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அதன்பின் எட்டு மாதம் அவர் அழைத்தால் நான் ஃபோனை எடுக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு அனுப்பிய கேக்கைத் திருப்பி அனுப்பினேன். அக்கா இரண்டு முறை வீட்டுக்கு வந்தபோது பின்வாசல் வழியாக வெளியே போனேன். இன்று அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் அக்கா டிப்போ கேட்டுக்கே வந்துவிட்டார். கையில் குடை, முகமெல்லாம் வேர்வை. வகுப்பில் எழுந்து நின்று, அந்தச் சம்பவத்தைச் சொன்னது என் தப்பு என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் ரிஜிஸ்டரை விட்டு நிமிரவில்லை.

"எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல மக்கா. நீ அழும்போ என்ன செய்யணும்னு தெரியல்ல. பாடமாச் சொன்னா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்து. எனக்கும் பயந்தாம்லே" என்றார்.

எங்கள் அக்கா தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. எழுந்து அவருக்கு என் நாற்காலியைப் போட்டேன்.

அன்றைக்கே குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். மாத்திரை தொடர்ந்தது. கல்லூரி விட்டதும் அக்கா டிப்போவுக்கு வந்து, காலி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் உட்காருவார். சில நாள் சாவி போட்டேன், சில நாள் போடவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து டிப்போவுக்குள் ஒரு சுற்று வந்தேன். மழைக்காலம் தொடங்கும்முன் பேச்சிப்பாறைக்கே ஓட்டினேன். மாத்திரைதான் என்கிறார் டாக்டர். ஜெபம்தான் என்கிறாள் என் மனைவி. எந்தக் கொள்கை என்று எனக்குத் தெரியாது, பின்சீட்டில் அக்கா இருந்தார் என்பது தெரியும்.

கணையத்தில் நோய் வந்து அக்கா படுத்தபோது, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மருந்தின் வேகம் என்றார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகளை நினைத்து என்றார்கள், விசுவாசக் குறைவு என்றுகூட ஒருவர் சொன்னார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், "பயமா இருக்கு மக்கா" என்றார். "எனக்கும் அக்கா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார்.

அந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஓய்வில்லாமல் வந்துபோன போதகர் ஐயாவுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அக்காவின் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் இப்போது ஆசிரியர்கள். அந்த ஓட்டுநரின் கதையை உங்கள் வகுப்புகளில் தாராளமாகச் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லலாம். அழுததை விட்டுவிட வேண்டாம். அவன் அக்காவுக்குத் தம்பி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.