மூடுபனி ஊரில் சூரிய லைட்டு

சூரியனே அடிக்கடி லீவு போடுகிற ஊரில் சூரிய வெளிச்சம் விற்பதுதான் என் தொழிலாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஒரு சோலார் கம்பெனி கிளை திறந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், கரண்டு எட்டாத லயங்களுக்குப் போய் ஆள் பிடிப்பது, கூரையில் ஏறித் தகடு பூட்டுவது, பிறகு திட்டு வாங்குவது, மூன்றும் நானேதான். வீடு வீடாக ஏறி எதையாவது விற்றவர்களும், விற்ற பொருள் பழுதானதும் வாங்கியவர் கண்ணில் படாமல் பஸ்ஸில் குனிந்து உட்கார்ந்தவர்களும் இதைப் படித்தால், நான் சொல்வதில் பாதியை நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள்.

உத்தரவாதம்

கொழும்பில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டை கட்டிய ஒருவர் வாட், வோல்ட் எல்லாம் சொல்லிக் கொடுத்து, வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் கடைசியில் உத்தரவாத அட்டையை எடுத்து நீட்டுங்கள், மறு பேச்சு இருக்காது என்றார். நானும் நம்பினேன்.

நான் முதலில் விற்கப் போனது பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு. அங்கே தொழிற்சங்கத் தலைவர் பெரியசாமி. அவர் தலையாட்டாமல் லயத்துச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. கூரை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் அனுமதி வாங்கித் தர வேண்டியவரும் அவர்தான். நான் பாடம் ஒப்பிப்பதை முழுக்கக் கேட்டார். தேத்தண்ணி கொடுத்தார். அப்புறம் ஆரம்பித்தார். தம்பிக்கு எந்தத் தோட்டம்? வட்டவளைப் பக்கம் என்றேன். எந்த லயம், அப்பா பெயர் என்ன, வேலை மலையிலா ஃபெக்டரியிலா, அம்மா எந்தத் தோட்டத்தில் இருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அவருடைய சம்சாரத்தின் சித்தப்பா எங்கள் லயத்துக்குக் கீழ் லயத்தில்தான் இருக்கிறார் என்று கண்டுபிடித்த பிறகே மூச்சு விட்டார். நான் இதுதான் சமயம் என்று உத்தரவாத அட்டையை எடுத்தேன். அதை அவர் கையில்கூட வாங்கவில்லை.

“அத உள்ள வைங்க தம்பி. கம்பெனி ஓடிப் போயிரும். உங்க அப்பா எங்க ஓடப் போறாரு?”

வேன்காரர்கள்

அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ராசம்மாக்காவின் கூரையில் ஏற்கெனவே ஒரு சோலார் தகடு இருந்தது. எவரோ வேனில் வந்து பூட்டிவிட்டுப் போனது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் லைட் செத்துவிட்டது. வேனும் திரும்பி வரவில்லை. கொடுத்துவிட்டுப் போன டெலிபோன் நம்பரில் வேறு யாரோ சிங்களத்தில் திட்டினார்களாம்.

ராசம்மாக்கா விதவை. ஒரே மகள் செல்விக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. பேச்சுக்கு நடுவே அக்கா இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் போயிருந்தது. செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்து, தீ பிள்ளை மேல் படாமல் கையைக் குறுக்கே கொடுத்தாராம். பேரப்பிள்ளை வரும்போது வீட்டில் குப்பி லாம்பு எரியக்கூடாது, அதுதான் அவர் கேட்டது. நான் கட்டாயம் செய்து தருகிறேன் என்று சிரித்த முகத்தோடு வாக்குக் கொடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“போன கம்பெனிக்காரங்களும் இப்படித்தாங்க சிரிச்சாங்க.”

கடைசி ஓவர்

நடுவில் ஒரு சின்னச் சங்கடம். ராசம்மாக்காவுக்கு முன்னால் தலைவர் வீட்டில் பூட்டினேன். இரண்டு லைட், ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவி, அவ்வளவுதான் தாங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த கிழமையே கிரிக்கெட் மெட்ச். லயமே தலைவர் வீட்டில். காலையில் இருந்து டீவி ஓடியிருக்கிறது, வெளியே மூடுபனி இறங்கி உட்கார்ந்திருக்கிறது. பெட்டரி என்ன செய்யும், பாவம்? இன்னும் சில பந்துகள் இருக்கும்போது படம் சுருங்கிப் புள்ளியாகி அணைந்துவிட்டது. நான் போனபோது ஒருவரும் வாட்டையும் வோல்ட்டையும் கேட்கத் தயாராக இல்லை. தலைவரே தீர்ப்புச் சொன்னார்.

“கடைசி ஓவர் வரைக்கும் தாங்காத பெட்டரிய வச்சுக்கிட்டு எப்படி தம்பி நல்ல கம்பெனின்னு வெளிய சொல்றது?”

காட்சிப் பெட்டி

ராசம்மாக்கா ஒருவழியாகச் சம்மதித்தார். தலைவர் என் அப்பாவைப் பற்றிச் சொன்னதுதான் காரணம், நான் சிரித்தது அல்ல. பழைய தகடு உள்ளே தண்ணீர் இறங்கிக் கெட்டுப் போயிருந்ததால் எல்லாமே புதிதாகப் போட வேண்டும். கொழும்பில் இருந்து சாமான் வந்தது. தகடு இருந்தது, பெட்டரி இருந்தது, பெட்டரிக்குள் போகிற கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி மட்டும் இல்லை. கேட்டால் அடுத்த மாதம் என்றார்கள். செல்விக்கோ நாள் நெருங்கிவிட்டது.

எங்கள் கிளை மெனேஜர் சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கடை வாசலில் ஒரு பலகையில் தகடு, பெட்டி, பல்பு எல்லாம் பூட்டி எரியவிட்டு, வருகிறவர்களுக்குக் காட்டுவது அவருக்குப் பெருமை. அந்தப் பெட்டியைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்டேன். “தம்பி, பிறகு கடைக்கு வாற சனத்துக்கு என்னத்தைக் காட்டுறது?” என்றார். நான் ராசம்மாக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். மனிதர் தானே திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார்.

“கொண்டு போங்கோ. ஆரும் வந்து கேட்டால், அந்த அம்மான்ர வீட்டைக் காட்டுவம்.”

இரண்டு வீட்டுக்கு ஒரு லைட்

லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே இடைவெளி இருக்கும். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். நான் பல்பை அறையின் நடுவில் மாட்டப் போனேன். ராசம்மாக்கா விடவில்லை. அடுத்த வீட்டு வீரையாவும் இருட்டில்தானே இருக்கிறார், சுவருக்கு மேலே மாட்டுங்க என்றார். கொழும்பில் சொல்லிக் கொடுத்ததற்கு நேர் எதிர்தான், ஆனாலும் மாட்டினேன்.

வீரையா வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மறுமுறை போனபோது நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று ஆசையோடு போனேன். அவர் சுவரைக் காட்டினார்.

“இந்தப் பக்கமும் ஒரு சுவிட்சு போட்டுக் குடுங்க தம்பி. எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா தூக்கம் வரும்?”

படங்கு

தை மாதம் பனி கொட்டியது. செல்வி ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பெற்றாள் என்ற நல்ல செய்தியோடு, லைட் எரியவில்லை என்ற செய்தியும் சேர்ந்தே ஹட்டனுக்கு வந்தது. மறுநாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வருகிறார்கள். பஸ்ஸில் போகும்போது எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. வேன்காரர்களும் நானும் ஒன்றாகிவிட்டோம் என்றுதான் தோன்றியது. என்னால் தோட்டத்துக்குள் இனி எப்படி முகம் காட்ட முடியும்?

ஏணி வைத்துக் கூரையில் ஏறினேன். தகட்டைக் காணோம். கொழுந்து எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த படங்கு ஒன்று அதன் மேல் இழுத்துப் போர்த்தி, நாலு மூலையும் கயிற்றால் கட்டியிருந்தது. பனியில் தேயிலைக் கொழுந்தே கருகிப்போகிறது, இந்தக் கண்ணாடி எப்படித் தாங்கும் என்று ராசம்மாக்கா சாயந்தரம் போர்த்திவிடுகிறார். விடிந்தும் விடியாமல் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுகிறவர் அதை எங்கே எடுப்பது? பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது வெயில் போயிருக்கும். ஆகவே அந்தத் தகடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சூரியனைப் பார்த்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவ்வளவு பத்திரமாக யாரும் எங்கள் கம்பெனிப் பொருளைப் பார்த்துக்கொண்டதே இல்லை.

பெட்டரியைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு இறங்கி, கடையில் சார்ஜ் போட்டு, மறுநாள் பிள்ளை வருவதற்கு முன் திரும்பக் கொண்டுவந்து பூட்டினேன். பிள்ளை வெளிச்சத்தில்தான் வீட்டுக்குள் வந்தது. ராசம்மாக்கா குப்பி லாம்பை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்தார். ஆனால் கண்ணாடி கருகாது என்று நான் எவ்வளவு சொல்லியும் போர்த்தாமல் இருக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அக்கா போர்த்துவது, வெளிச்சத்தில் பாதியை அனுபவிக்கிற வீரையா வெயில் வந்ததும் எடுப்பது. பெரியவர் ஏணியை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“சுவிட்ச மட்டும் குடுக்க மாட்டேன்றீங்க. வேலைய நல்லா குடுக்கிறீங்க.”

ஆள் இருக்கிற கம்பெனி

சில வருடங்களில் தோட்டங்களுக்குள் கரண்டு கம்பி வரத் தொடங்கியது. எங்கள் கம்பெனி ஒரு நாள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டது. சிவநேசன் சேர் வேறு வேலைக்குப் போனார். நான் வட்டவளையில் வீட்டோடு இருந்தேன். கம்பி வராத லயங்கள் இன்னும் இருந்தன, அவற்றில் நான் பூட்டிய லைட்டுகளும் இருந்தன. பொகவந்தலாவை பஸ்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெரியசாமித் தலைவர் சொன்னபடியே கம்பெனி ஓடிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசம்மாக்காவும் செல்வியும் அந்தச் சின்னப் பெண்ணும் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார்கள். அக்கா கையில் ஒரு மூட்டை. பிரித்தால், படங்குக்குள் பல்பும் அதன் பிடியும். வயர் கருகியிருந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள் அக்கா, என்னிடம் சாமான் இல்லை, எழுதிக் கேட்கவும் ஆள் இல்லை என்று நான் தடுமாறிக்கொண்டு இருந்தேன். அக்கா நான் சொல்வதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வாசல் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டு இருந்த என் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் உள்ளே போய்ப் பழைய திருப்புளியைத் தேடி எடுத்தேன்.

“கம்பெனி போனது தெரியுங்க தம்பி. அப்பா இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறுனோம்.”

அதனால்தான், நம்பி வாங்கக்கூடிய சோலார் கம்பெனி எது என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு பல்பைக்கூட மாற்றத் தெரியாத என் அப்பாவைத்தான் கைகாட்டிவிடுகிறேன்.