நான்காம் பாகத்துக்கு மாடு இல்லை

அந்த நாவலை நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்ததற்குக் காரணம் அட்டையில் இருந்த மாடு. ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை, ஆங்கிலத்தில். வீட்டில் மாடு, சந்தில் மாடு, பள்ளிக்குக் கட்டிப் போகும் சேலையில்கூடச் சாணி வாடை, படிக்கவும் மாடுதானா என்று என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. ஆனாலும் எடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார். அம்மா போனபின் வீட்டில் நானும் அவரும்தான். நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கொட்டகை நிறைய மாடுகள் இருந்த காலம் போய், செவலை ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள், அவளும் நிறைசினை. சிராங்கூன் ரோட்டு வீடுகளில் அப்பாவின் பெயர் யாருக்கும் தெரியாது. "செவலைக்காரர் வந்துட்டாரு" என்றால் செம்போடு வாசலுக்கு வருவார்கள். ஆனால் என் பெயர் எல்லோருக்கும் தெரியும். அப்பா கொட்டகையிலிருந்து கூப்பிட்டால் சந்துக்கோடி வரை கேட்கும். டீச்சர் வேலை பார்க்கிற பெண்ணை இப்படிக் கத்திக் கூப்பிடுவதா என்று அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

ஊருக்குள் இனி மாடு கட்டக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. கெடுவுக்குள் வெளியே எங்காவது இடம் கிடைத்தால் செவலை எங்களோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் தரகரிடம் விற்க வேண்டும். தரகர் வாங்கும் கிழட்டு மாடு எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா காலையில் செவலைக்குத் தீனி போட்டு முடித்ததும் பொங்கோல் பக்கம், ஜூரோங் பக்கம் என்று பஸ் ஏறிப் போய்விட்டு, முகம் கருத்துத் திரும்பி வருவார்.

அந்த நாட்களில்தான் அவருக்கு நாவலைச் சொல்ல ஆரம்பித்தேன். சாயங்காலம் செவலைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பார். நான் பக்கம் பக்கமாகப் பார்த்துத் தமிழில் சொல்வேன். அந்த நாட்டில் பெண் எடுக்கும் வீடு பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தத் தலைமுறை மருமகளுக்காகக் கொடுத்த மாட்டின் பெயரே தலைப்பு. முதல் பாகம் 'சாம்பல் நெற்றி'. இரண்டாவது 'மழையோடு வந்தவள்'. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்மாளுங்கதான் போல" என்றார்.

அதன்பிறகு கதையைவிடத் தலைப்பில்தான் அவருக்குக் கண். தலைப்பைக் கேட்டதும் கதை எப்படிப் போகும் என்று அவரே சொல்லத் தொடங்குவார், பெரும்பாலும் தப்பாக. மூன்றாவது பாகம் 'ஒற்றைக்கொம்பு' என்றதும், "ஒத்தக்கொம்பு மாடு சாது. இனிமே அந்தக் குடும்பத்துக்கு நல்ல காலம் பாரு" என்றார். அந்தப் பாகத்தில்தான் வரி கட்ட முடியாமல் நிலம் போகிறது, மூத்த மகன் சுரங்கத்தில் சாகிறான். சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதினவனுக்கு மாட்டப் பத்தி ஒண்ணும் தெரியல" என்று எழுந்து போய்விட்டார். நான் சிரித்தேன். அந்தக் கொட்டகையில் நான் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் செவலை கன்று போட்டாள், கிடேரி. தொப்புள்கொடி விழுகிற அன்று கன்றுக்குப் பெயர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கொடி விழுந்தது. அப்பா பெயர் வைக்கவில்லை. கேட்டேன். "ஆகட்டும்" என்றார். இடம் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

"அடுத்த பாகத்துக்கு என்ன மாடு?" என்று அவரே ஒருநாள் கேட்டார்.

"மாடு இல்லப்பா. வெறும் நாலுன்னு நம்பர் மட்டும் போட்டிருக்கு."

"அச்சுல விட்டுட்டானுங்களா?"

"இல்ல. பேரன் பட்டணத்துக்குப் போயிடுறான். பெண்ணுக்குப் பணமாவே கட்டிடுறான். மாடே குடுக்கல."

அப்பா செவலையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "அங்கயும் முடிஞ்சிபோச்சா" என்றார். அதற்குமேல் அவர் கதை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். அங்கே அந்த நாவலைப் பற்றிப் பேசினேன். மூன்று பாகத்துக்கு மாட்டின் பெயர், நான்காவதற்கு வெறும் எண், பழைய வாழ்வு அழிந்ததற்கு இதைவிட அடையாளம் வேண்டுமா என்று கேட்டேன். கைதட்டினார்கள். சந்துக்குத் திரும்பியபோது கொட்டகை வாசலில் தரகர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை லாரி வந்தது. "பண்ணைக்குத்தான் போவுது, கவலப்படாதீங்க அண்ணே" என்றார் தரகர். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செவலை பலகையில் பாதி ஏறியிருந்தாள். அப்பா தன்னையறியாமல், தினமும் கூப்பிடுகிற மாதிரி, "செவலே" என்றார். அவ்வளவுதான். அவள் சட்டென்று திரும்பினாள். கயிற்றை இழுத்துக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தாள். இரண்டு ஆட்கள் கம்பால் அடித்து அவளை மேலே ஏற்றினார்கள். அடி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கன்று அப்படியே நடந்து ஏறியது. அதைக் கூப்பிட யாரிடமும் பெயர் இல்லை.

லாரி போனபின் அப்பா சொன்னார்: "பேரு வச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டா அது திரும்பிப் பாக்கும். அதான் வைக்கல."

அன்று நாவலை மறுபடி எடுத்தேன். நான்காம் பாகத்தில், நான் அவசரமாகத் தாண்டிப் போன ஒரு பக்கத்தில், பட்டணத்துக் கடைசி மருமகள் தகரம் அடைத்த கொல்லையில் ஒரு கன்று வளர்க்கிறாள். 'அது' என்றே சொல்கிறாள். மாடு இருந்திருக்கிறது. இழக்கப்போவது தெரிந்து அவள்தான் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறாள். வாசகர் வட்டத்தில் நான் சொல்லிக் கைதட்டு வாங்கியது தப்பு.

நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். அங்கே அப்பாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச காலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, லாரி வந்த நாளுக்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "இந்தா", "இங்க பாரு", அவ்வளவுதான். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் பள்ளி விட்டதும் போவேன். மணி அடித்ததும் பார்க்க வந்தவர்கள் கிளம்ப வேண்டும். கட்டிலிலிருந்து வார்டு வாசல் வரை நான் மெதுவாகத்தான் நடப்பேன். சந்தெல்லாம் கேட்கக் கத்தினாலும் இப்போது சண்டை போடமாட்டேன். ஒருதடவை கூப்பிட்டால் போதும், திரும்பிவிடலாம். கடைசி நாளும் அப்படித்தான் நடந்தேன். அப்பா கூப்பிடவில்லை.