படியாகப் போகவிருந்த பீடக்கல்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வில்லரேயில் எங்கள் சைவ ஆலயத்துக்கென வாங்கிய கட்டடம் முன்பு கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்தது. அங்கே பூசைப் பீடமாயிருந்த வெண்பளிங்குக் கல்லை வாயிற்படியாகப் பதிக்கத் திருப்பணிச் சபைத் தலைவர் முடிவுசெய்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சீமெந்துக் கலவையைப் பரப்பிவிட்டார்கள். கல்லின் முகத்தில் வெட்டியிருந்த சிலுவைகளைப் பார்த்துக் கொத்தனார் தயங்கி நின்றார்.

"குப்புறப் போடச் சொல்லுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் தலைவர்.

எனக்கு வேறொரு கல் நினைவுக்கு வந்தது. முந்தைய குளிர்காலத்தில் மகளுடன் மெக்சிகோ நகரம் சென்றிருந்தேன். ஏரி நடுவே அஸ்தெக் மக்கள் எழுப்பிய தலைநகரை ஸ்பானியர் வென்று இடித்தார்கள்; தோற்றவர்களின் தோளிலேயே கல்லைச் சுமத்தித் தங்கள் நகரைக் கட்டினார்கள். பெருங்கோயிலின் அருகிலேயே பேராலயம் எழுந்தது. அதன் முற்றத்தில் பழைய தூணொன்றின் அடிக்கல்லைக் கண்டேன். நாகத்தின் செதில்கள் அதில் இன்னும் தெரிந்தன. வணங்கிய கல், பாரம் தாங்கும் கல்லாகியிருந்தது. பறங்கியர் இடித்த எங்கள் கோயில்களின் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவ்விடத்தில் என் கைகள் தாமாகவே குவிந்தன.

தலைவரிடம் சொன்னேன்: "தம்பி, எங்கடை மூர்த்தியை அசைக்க முதல் பாலாலயம் செய்து அவரைக் கும்பத்திலை இறக்கிறம். இந்தக் கல்லிலை இருந்தவரை ஆர் இறக்கினது?"

"ஐயா, அந்தத் தேவாலயக்காரர் செபம் சொல்லி முடிச்சுத்தான் வித்தவை. இப்ப இது வெறுங்கல்லு."

"வெறுங்கல்லெண்டால் சிலுவையை ஏன் மண்ணுக்கை ஒளிக்கிறீர்? மேலை தெரியப் போடும், பாப்பம்."

அவர் முகம் கறுத்தது. "கும்பாபிஷேகத்துக்குப் பதிகம் பாட உங்களைத்தான் யோசிச்சிருந்தனாங்கள். இப்பிடிக் கதைச்சால் வேறை ஆளைப் பாக்க வேண்டி வரும்."

"பாரும். பறங்கி செய்ததை நாங்களும் செய்துபோட்டு, அந்தப் படியாலை ஏறி வந்து எந்த வாயாலை நான் பாடுறது?"

கலவை இறுகத் தொடங்கியிருந்தது. தலைவர் குனிந்து கல்லின் விளிம்பைப் பற்றினார். எந்தப் பக்கம் புரட்டப்போகிறார் என்று அறியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புதினம் பாத்துக்கொண்டு நிக்காமல் பிடியுங்கோவன்!" என்று சுற்றி நின்றவர்களை அதட்டினார். "சுவரோடை சாத்துவம். நாளைக்கு அவையின்ரை தேவாலயச் சுவாமியாரைக் கேட்டுக் கல்லை அனுப்பலாம்."

வாயிலில் சீமெந்தாலேயே படி கட்டினார்கள். கும்பாபிஷேகத்தன்று வேறொருவர் பாடினார். சனத்தோடு சனமாக நின்று, கண்களை மூடிக் கேட்டேன்.